மூளை அடிபட்டவருக்குக் காய்ச்சல் வந்தால்

தலையில் அடிபட்டு, அறுவை சிகிச்சை முடிந்து, வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரின் மூன்றாம் நாள் இரவை எடுத்துக்கொள்வோம். சிறுநீர்க் குழாயின் நுனியில் பொருத்தப்பட்ட சென்சார், அவருடைய உடல் வெப்பத்தை மானிட்டரில் காட்டிக்கொண்டே இருக்கிறது. மாலையில் 37.4 டிகிரி செல்சியஸ். நள்ளிரவில் 38.1. இரண்டு மணிக்கு 38.7, ஃபாரன்ஹீட் கணக்கில் ஏறக்குறைய 101.7. அதே மானிட்டரில், சற்றுக் கீழே, மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் எண் 13-லிருந்து 21-க்கு வந்திருக்கிறது. அதை ஏற்றும்படியாக வேறு எதுவும் நடக்கவில்லை.

பொது வார்டு நோயாளிக்கு இதே காய்ச்சல் வந்தால் ஒரு பாராசிட்டமாலோடு இரவு கழிந்துவிடும். இங்கே இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்கியாக வேண்டும். சூட்டைக் குறைப்பது ஒன்று. சூடு எங்கிருந்து வந்தது என்று தேடுவது மற்றொன்று. முதல் வேலை காரணம் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது வேலை, சூடு இறங்கிவிட்டது என்பதற்காக முடிந்துவிடுவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. காய்ச்சல் இறங்கியதும் தேடலைக் கைவிடுவார்கள். அல்லது காய்ச்சல் ஏறிய கையோடு ஆண்டிபயாடிக்கை மாற்றிவிட்டு, ஏதோ செய்துவிட்டோம் என்று நிம்மதி அடைவார்கள்.

சூடு மூளையை என்ன செய்கிறது?

உடல் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் மூளையின் தேவை 6 முதல் 10 சதவீதம் வரை கூடும். நலமாக உள்ள மூளை ரத்த ஓட்டத்தைக் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும். அடிபட்ட மூளையிலோ, காயத்தைச் சுற்றி, பிழைக்குமா மடியுமா என்று இழுபறியில் இருக்கும் திசு உண்டு. அதற்குக் கிடைக்கும் ரத்தமே மட்டுமட்டு. அங்கே செலவு கூடினால் அதற்கேற்ப வரவு கூடாது.

அடுத்தது இடப் பிரச்சினை. மண்டை ஓடு ஒரு மூடிய பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் தண்டுவட நீர் என்று மூன்று சரக்குகள். ஒன்று கூடினால் இன்னொன்று இடம்விட வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும். காய்ச்சலில் உடல் வழக்கத்தைவிட அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடை உண்டாக்குகிறது. விழித்திருப்பவர் வேகமாக மூச்சுவிட்டு அதை வெளியேற்றிவிடுவார். முழு மயக்கத்தில், நிமிடத்துக்கு இத்தனை மூச்சு என்று வென்டிலேட்டரில் கணக்கு வைத்துக் கொடுக்கும்போது அந்த வாசல் அடைபட்டிருக்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கினால் மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும். குழாய்கள் விரிந்தால் பெட்டிக்குள் ரத்தம் கூடும். வென்டிலேட்டரின் எண்களை யாரும் தொடவில்லை என்பதே இங்கே சிக்கலாகிவிடுகிறது.

மூளைக்குள் ரத்தத்தைத் தள்ளும் விசையைக் கணக்கிட எளிய கழித்தல் போதும். சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து மண்டை அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். தலைக்காய நோயாளிக்கு இது 60 முதல் 70 மி.மீ. பாதரசம் வரை இருக்க வேண்டும் என்பதும், மண்டை அழுத்தம் 22-ஐத் தாண்டினால் சிகிச்சை வேண்டும் என்பதும் 2016-இல் வெளியான தலைக்காய வழிகாட்டுதல்கள் சொல்வது. நம் நோயாளிக்கு மாலையில் 82 கழித்தல் 13, விடை 69. காய்ச்சலில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் 77-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 77 கழித்தல் 21 என்றால் 56. ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே பார்த்தால் எச்சரிக்கை மணி அடிக்கும் அளவுக்கு ஒன்றுமில்லை. கழித்துப் பார்த்தால்தான் மூளை பட்டினி கிடப்பது தெரிகிறது.

போதாக்குறைக்கு, மூளை உடலைவிடச் சூடானது. அடிபட்ட மூளையில் நேரடியாக வெப்பம் அளந்தவர்கள், அது உடலின் உள்வெப்பத்தைவிடப் பெரும்பாலும் அரை டிகிரி முதல் ஒரு டிகிரி வரை, சிலரிடம் இன்னும் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து 37.6 என்று எழுதினால், மூளை எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. அதனால்தான் இந்தப் பிரிவுகளில் சிறுநீர்ப்பை, உணவுக்குழாய் போன்ற உள் இடங்களில் அளப்பதை வற்புறுத்துகிறார்கள். அக்குளையும் நெற்றியையும் நம்பி மூளை நோயாளியின் காய்ச்சலைக் கணக்கிடுவது, என்னைக் கேட்டால், அளக்காமல் இருப்பதைவிட மோசம். அளந்துவிட்டோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

காய்ச்சல் எப்போதும் பகை என்று சொல்லிவிடவும் முடியாது. கிருமிகளின் பெருக்கத்தை மட்டுப்படுத்தவும் வெள்ளையணுக்களை முடுக்கிவிடவும் உடல் வைத்திருக்கும் பழைய உபாயம் அது. மூளையைத் தாக்கிய சிஃபிலிஸ் நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாக் கிருமியைச் செலுத்தி, காய்ச்சலை வரவழைத்துச் சிகிச்சை செய்த யூலியஸ் வாக்னர்-யாவ்ரெக்குக்கு 1927-இல் நோபல் பரிசே கிடைத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தொற்றோடு காய்ச்சல் கண்ட 700 பேரிடம் பாராசிட்டமாலைச் சோதித்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அவர்கள் தீவிர சிகிச்சை தேவைப்படாமல் இருந்த நாட்களின் எண்ணிக்கையில் அது மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை. பொதுவான தொற்று நோயாளியின் மிதமான காய்ச்சலை அப்படியே விட்டுவைக்கலாம் என்று பல மருத்துவர்கள் துணிவதற்கு இது ஒரு காரணம். ஆனால் அந்த ஆய்வில் மூளை அடிபட்டவர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் கணக்கு வேறு.

வெப்பக் கட்டுப்பாடே பழுதானால்

நம் உடலின் வெப்பத்தை ஹைப்போதலாமஸ் என்ற சிறு பகுதி ஒரு குறிப்பிட்ட அளவில் பிடித்து வைத்திருக்கிறது. கிருமி நுழைந்தால் எதிர்ப்பு அணுக்கள் சில புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றின் தூண்டுதலால் ஹைப்போதலாமஸில் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகி, 37-இல் இருந்த இலக்கை 39-க்கு நகர்த்திவிடுகிறது. உடல் அந்தப் புதிய இலக்கை எட்டும்வரை நடுங்குகிறது, தோலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்குகிறது. பாராசிட்டமால் இந்த ப்ராஸ்டாகிளாண்டினைக் குறைத்து, இலக்கை மறுபடி கீழே இறக்குகிறது.

இலக்கைப் பிடித்து வைத்திருக்கும் கருவியே அடிபட்டிருந்தால்? அதன் நரம்பு வழிகள் ரத்தக்கசிவில் ஊறிக் கிடந்தால்? அப்போது கிருமி எதுவும் இல்லாமலே உடல் சூடாகும். மூளையிலிருந்தே பிறக்கும் இந்தக் காய்ச்சல் பாராசிட்டமாலுக்குப் பெரிதாக மசிவதில்லை. மூளையின் உறைகளுக்கிடையே ரத்தம் கசிந்தவர்களுக்கும், மூளையின் நீர் அறைகளுக்குள் ரத்தம் புகுந்தவர்களுக்கும் இது அதிகம். பெரும்பாலும் முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கும். ஏறி இறங்காமல் ஒரே மட்டத்தில் நிற்கும். மூளை சிகிச்சைப் பிரிவுகளில் காணும் காய்ச்சல்களில் ஏறக்குறைய பாதிக்குத் தொற்று காரணமாக இருப்பதில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு ஆண்டிபயாடிக் சீட்டை எழுதினால் நிறைய சீட்டுகள் மிச்சமாகும்.

ஆனால் மூளையிலிருந்தே பிறந்த காய்ச்சல் என்ற பெயரை முதலில் சூட்டிவிட்டுப் பிறகு காரணத்தைத் தேடுவது ஆபத்து. இது, மற்ற எல்லாவற்றையும் விலக்கிய பிறகு எஞ்சும் பெயர். நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருந்து, ரத்தம், சளி போன்றவற்றில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைகளில் எதுவும் வளராமல் இருந்து, காய்ச்சலும் முதல் மூன்று நாட்களில் தொடங்கியிருந்தால் அந்தப் பெயரைச் சொல்லும் துணிவு வரலாம்.

இதற்கு நெருங்கிய உறவாக இன்னொரு கோலமும் உண்டு. கடுமையான தலைக்காயம் பட்டவர்களில் சிலருக்கு, உடலைத் திருப்பிப் படுக்க வைத்தாலோ சளியை உறிஞ்சினாலோ, சில நேரம் எந்தத் தூண்டுதலும் இல்லாமலோ, நாடித்துடிப்பு 150-க்குப் பாய்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, மூச்சு இரைக்கிறது, வியர்வையில் படுக்கை நனைகிறது, கை கால்கள் விறைத்து முறுக்குகின்றன, உடலும் சூடாகிறது. சிறிது நேரத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. ஆபத்து நேரத்தில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளின் கடிவாளம் அறுந்துபோனதன் விளைவு இது. பார்ப்பவருக்கு முதலில் ரத்தத்தில் கிருமி பரவியதாகவே தோன்றும். ப்ரோப்ரனலால், மார்ஃபின், காபாபென்டின், டெக்ஸ்மெடிடோமிடின் போன்றவைதான் இதற்கு மருந்து. ஆண்டிபயாடிக் ஒன்றும் செய்யாது.

தொற்றில்லாத காரணங்கள் இதோடு தீரவில்லை. வலிப்பைத் தடுக்கக் கொடுக்கும் ஃபெனிடாயினே சிலருக்குக் காய்ச்சலை வரவழைக்கும். அசைவின்றிக் கிடக்கும் காலில் ரத்தம் உறைந்தாலும் காய்ச்சல் வரும். ரத்தம் ஏற்றினாலும் வரும். கல் எதுவும் இல்லாமலே பித்தப்பை அழற்சி கொள்ளும். அமைதிப்படுத்தக் கொடுத்த ஹாலோபெரிடாலால் உடல் விறைத்துச் சூடேறுவது அரிது. தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கிருமி ஒளியும் இடங்கள்

தொற்று என்றால் முதல் சந்தேகம் நுரையீரல் மேல்தான். தலையில் அடிபட்டு நினைவு தப்பிய அந்தக் கணத்திலேயே, ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே, தொண்டையின் காவல் விழுந்துவிடுகிறது. எச்சிலும் வயிற்றிலிருந்து மேலேறியதும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகின்றன. அதற்குப் பிறகு குழாய் போடுகிறார்கள். அதே சமயம் அடிபட்ட மூளை உடலின் எதிர்ப்புச் சக்தியையும் சில நாட்களுக்குத் தாழ்த்திவிடுகிறது. நெருக்கடியில் உடல் சுரக்கும் ஹார்மோன்களும் பரிவு நரம்புகளும் சேர்ந்து வெள்ளையணுக்களின் எண்ணிக்கையையும் வீரியத்தையும் குறைக்கின்றன. காயம் தலையில், பலவீனம் நெஞ்சில்.

எனவே முதல் சில நாட்களில் வரும் நிமோனியாவுக்குக் காரணம் பெரும்பாலும் நோயாளியின் சொந்த வாயிலும் தொண்டையிலும் குடியிருந்த கிருமிகள்: ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ். நாட்கள் போகப் போக மருத்துவமனையில் வேரூன்றிய சூடோமோனாஸ், க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் ஆகியவை இடம்பிடிக்கின்றன. முதல் வகை எளிய மருந்துகளுக்கு அடங்கும். இரண்டாவது வகை பல மருந்துகளுக்குப் பழகியது.

முதல் வகையை முன்கூட்டியே தடுக்க முடியுமா என்ற கேள்விக்கு 2024-இல் பிரான்சிலிருந்து ஒரு நல்ல பதில் வந்தது. மூளை அடிபட்டு வென்டிலேட்டரில் சேர்ந்தவர்களுக்குத் தொடக்கத்தில் செஃப்ட்ரையாக்சோன் என்ற ஆண்டிபயாடிக்கை 2 கிராம், ஒரே ஒரு தடவை கொடுத்தார்கள். மருந்து பெறாத குழுவில் 32 சதவீதம் பேருக்கு முதல் வாரத்திலேயே நிமோனியா வந்தது. பெற்ற குழுவில் 14 சதவீதம். ஒரு வேளை மருந்துக்கு இது பெரிய பலன். இதைப் பார்த்துவிட்டு எல்லா மூளை நோயாளிக்கும் நாள் கணக்கில் ஆண்டிபயாடிக் கொடுக்கலாம் என்று கிளம்பினால் 2015-இன் நெதர்லாந்து ஆய்வு குறுக்கே வந்து நிற்கும். பக்கவாதம் வந்த 2,500-க்கும் மேற்பட்டவர்களை வைத்து, நான்கு நாள் செஃப்ட்ரையாக்சோனைச் சோதித்த ஆய்வு அது. மருந்து பெற்றவர்களுக்குத் தொற்றுகள் குறைந்தன. மூன்று மாதம் கழித்து அவர்கள் நடமாடும் நிலையில் வித்தியாசம் எதுவும் இல்லை. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் வென்டிலேட்டரில் இருந்தவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாருக்கு, எப்போது, எத்தனை வேளை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மருந்தைவிட அதிகம் தடுப்பது அன்றாடப் பராமரிப்பு. படுக்கையின் தலைப்பக்கம் 30 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரே செயல் மூளையிலிருந்து ரத்தம் வடிய உதவி அழுத்தத்தைக் குறைக்கிறது, வயிற்றில் உள்ளது மேலேறுவதையும் தடுக்கிறது. பல் துலக்கி வாயைச் சுத்தமாக வைக்க வேண்டும். மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் குழாயைச் சுற்றிய பலூனின் அழுத்தம் 20-லிருந்து 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சளியை உறிஞ்சும் அந்தச் சில விநாடிகளைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் இந்தப் பிரிவின் சங்கடம் முழுவதும் விளங்கும். மெல்லிய குழாயைச் செவிலியர் உள்ளே விடுகிறார். நோயாளிக்கு இருமல் வருகிறது. நெஞ்சின் அழுத்தம் கழுத்து நாளங்கள் வழியாக மேலேறுகிறது. மானிட்டரில் மண்டை அழுத்தம் 15, 22, 31 என்று தாவுகிறது. குழாயை வெளியே எடுக்கிறார். எண் மெதுவாக இறங்கத் தொடங்குகிறது. அது 18-க்கு வரும்வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். உறிஞ்சாவிட்டால் சளி தேங்கி நிமோனியா வரும். உறிஞ்சினால் மூளை நசுங்கும். முன்கூட்டியே சிறிது மயக்க மருந்தும் கூடுதல் ஆக்சிஜனும் கொடுத்து, ஒவ்வொரு தடவைக்கும் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் போகாமல், இரண்டு தடவைகளுக்கு நடுவே மூளைக்கு மூச்சுவிட நேரம் கொடுத்துச் செய்வதுதான் வழி. அனுபவசாலியின் கையும் புதியவரின் கையும் இங்கே தெளிவாக வேறுபடும்.

நுரையீரலுக்கு அடுத்த சந்தேகம், மூளையின் நீர் அறைக்குள் செருகப்பட்ட வடிகுழாய். அடைபட்ட தண்டுவட நீரை வெளியேற்றவும் அழுத்தத்தை அளக்கவும் அதைப் போடுகிறார்கள். தலைமாட்டில் தொங்கும் அதன் சேகரிப்புக் குடுவை, நோயாளியின் காது மட்டத்தோடு ஒப்பிட்டு உயரம் வைக்கப்பட்டிருக்கும். வெளியுலகுக்கும் மூளையின் உட்பகுதிக்கும் நேர்வழி அது. சுமார் பத்தில் ஒருவருக்கு அதன் வழியே தொற்று ஏற்படுகிறது. மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த அளவு வெகுவாக வேறுபடுவதே, இது தவிர்க்கக்கூடியது என்பதற்குச் சான்று. ஒவ்வொரு முறை குழாயைத் திறக்கும்போதும் கிருமிக்கு வாய்ப்பு. ஆகவே சந்தேகம் இல்லாமல் தினந்தோறும் நீரை எடுத்துச் சோதிப்பது நல்லதல்ல. இத்தனை நாளுக்கு ஒருமுறை குழாயை மாற்றுவது என்ற பழைய வழக்கத்தையும் 2017-இன் அமெரிக்க வழிகாட்டுதல் கைவிடச் சொல்கிறது. மாற்றும் ஒவ்வொரு தடவையும் மூளைக்குள் இன்னொரு துளைதானே.

இங்கே நோயறிதல் எளிதல்ல. சாதாரண மூளைக்காய்ச்சல் நோயாளி, அதாவது மூளை உறையில் கிருமித் தொற்று கண்டவர், தலைவலி, கழுத்து வலி என்று சொல்வார். இவர் சொல்ல மாட்டார். கழுத்து விறைப்புக்கு ரத்தக்கசிவே காரணமாக இருக்கலாம். தண்டுவட நீரில் வெள்ளையணுக்கள் இருந்தால் தொற்று என்று சொல்லிவிடவும் முடியாது. ரத்தம் கலந்திருந்தால் வெள்ளையணுவும் கலந்துதான் இருக்கும். ரத்தத்தில் பொதுவாக ஐந்நூறு முதல் ஆயிரம் சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணு. நீரில் 50,000 சிவப்பணுக்கள் இருந்தால் 50 முதல் 100 வெள்ளையணுக்களை ரத்தத்தின் கணக்கில் எழுதிவிடலாம். 900 இருந்தால் அவை வேறு வேலையாக வந்தவை. நீரின் லாக்டேட் அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். குளுக்கோஸ் நாளுக்கு நாள் இறங்கி, அணுக்கள் நாளுக்கு நாள் ஏறினால் இன்னும் வலுக்கும். தனியொரு நாளின் எண்ணைவிட இந்தப் போக்குதான் பேசும். கல்ச்சரையும் அவசரப்பட்டு மூடிவிடக் கூடாது. தோலில் குடியிருக்கும் சில மந்தக் கிருமிகள் வளரப் பத்து நாள் எடுத்துக்கொள்ளும்.

சிறுநீரில் கிருமி வளர்வது கிட்டத்தட்டப் பொறி. குழாய் போட்டுச் சில நாட்களானவரின் சிறுநீரில் ஏதாவது வளரத்தான் செய்யும். அதைக் கண்டதும் காய்ச்சலின் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணி மற்ற இடங்களைப் பார்க்காமல் விட்டால், உண்மையான காரணம் தப்பிவிடும்.

மருந்து மூளைக்குப் போய்ச் சேருமா?

ஆண்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். தடவைக்கு 20 மில்லிலிட்டர். ஐந்து மில்லிலிட்டரை எடுத்துவிட்டுக் கிருமி வளரவில்லை என்று சொல்வதில் பொருளில்லை. நோயாளியின் ரத்த அழுத்தம் சரிந்தால் காத்திருக்கவே கூடாது. மருந்து உடனே போக வேண்டும். நிலையாக இருப்பவருக்கு, குறிப்பாக முதல் 72 மணி நேரக் காய்ச்சலில், தேடிவிட்டுத் தீர்மானிக்கும் அவகாசம் உண்டு.

நுரையீரல் தொற்றுக்கு மருந்தைத் தேர்ந்தெடுப்பது ஒப்பீட்டளவில் சுலபம். மூளைக்கு ரத்த-மூளைத் தடுப்பு என்ற மதில் இருக்கிறது. அழற்சியில் அது ஓரளவு திறந்துகொள்ளும், ஆனாலும் வேன்கோமைசின் போன்ற ஆண்டிபயாடிக்குகள் குறைவாகவே உள்ளே போகின்றன. அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். சில சமயம் வடிகுழாய் வழியாகவே மருந்தை மூளை அறைக்குள் செலுத்த வேண்டியிருக்கும். இன்னொரு விந்தை: அடிபட்ட இளவயதுக்காரர்களின் சிறுநீரகம் பல நாட்கள் இயல்பைவிட வேகமாக வேலை செய்யும். சிறுநீரகத்தின் திறனைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தப் பரிசோதனையில் அழகாக இருக்கும். அந்த அழகுதான் ஏமாற்று. மருந்து வந்த வேகத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். புத்தக அளவு போதாமல் போகும்.

மூளை நோயாளிக்குத் தனி எச்சரிக்கைகளும் உண்டு. செஃபிபைம் என்ற ஆண்டிபயாடிக்கின் அளவு மிஞ்சினால் உடல் துடிக்காமலே மூளைக்குள் வலிப்பு ஓடும்; மயக்கத்தில் இருப்பவரிடம் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுக்காமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. வலிப்புக்காக வால்ப்ரோயேட் பெறுபவருக்கு மெரோபெனம் என்ற ஆண்டிபயாடிக்கைத் தொடங்கினால், ஒன்றிரண்டு நாளிலேயே ரத்தத்தில் வால்ப்ரோயேட்டின் அளவு சரிந்துவிடும். தொற்றுக்கு மருந்து கொடுத்து வலிப்பை வரவழைத்த கதையாகிவிடும். வால்ப்ரோயேட்டைக் கூட்டினாலும் பயனில்லை. வேறு வலிப்பு மருந்துக்கு மாற வேண்டும்.

தொடங்குவதைப் போலவே நிறுத்துவதும் சிகிச்சைதான். இரண்டு மூன்று நாளில் கல்ச்சர் முடிவுகள் வந்ததும், ஒன்றும் வளராமல், எக்ஸ்ரேயும் தெளிவாக இருந்தால் ஆண்டிபயாடிக்கை நிறுத்த வேண்டும். வென்டிலேட்டர் நிமோனியாவுக்கு 8 நாள் மருந்து 15 நாள் மருந்துக்குப் பெரும்பாலும் சமம் என்று பிரான்சில் 401 பேரிடம் நடந்த ஆய்வு 2003-இலேயே காட்டியது. காய்ச்சல் நிற்கவில்லையே என்று மருந்தை நீட்டிக்கொண்டே போவதைத்தான் மூளை நோயாளிகளிடம் அதிகம் காண்கிறோம். அந்தக் காய்ச்சல் மூளையிலிருந்து வருவதாக இருந்தால் எத்தனை வாரம் கொடுத்தாலும் நிற்காது. எதிர்ப்பு பெற்ற கிருமிகள் மட்டும் மிஞ்சும்.

குளிர்விப்பது: எவ்வளவு, எதுவரை?

சூடு கெடுதல் என்றால் குளிர் நன்மை என்று நினைப்பது இயல்பு. அந்த எண்ணத்தில் பல ஆண்டுகள் தலைக்காய நோயாளிகளின் உடலை 32-லிருந்து 35 டிகிரிக்குள் இறக்கிப் பார்த்தார்கள். 2015-இல் ஐரோப்பிய ஆய்வொன்று, மண்டை அழுத்தம் ஏறியவர்களைக் குளிர்வித்தபோது நல்ல முறையில் தேறியவர்கள் 26 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 37 சதவீதம் என்று கண்டது. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். 2018-இல் 511 பேரிடம், காயம்பட்டவுடனேயே குளிர்வித்துப் பார்த்ததில் ஆறு மாதம் கழித்து எந்தப் பலனும் தெரியவில்லை. இதயம் நின்று மீண்டவர்களில் 33 டிகிரிக்குக் குளிர்விப்பதும், காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதும் ஏறக்குறைய ஒன்றே என்று 2021-இல் 1,850 பேரின் ஆய்வு சொன்னது. குளிர்ந்த உடலில் ரத்தம் சரியாக உறையாது. எதிர்ப்பு அணுக்கள் சோர்ந்துவிடும்.

அதனால் இப்போதைய இலக்கு குளிர் அல்ல, இயல்பு வெப்பம். 2024-இல் சர்வதேச நிபுணர்கள் ஒத்துக்கொண்ட அளவு, தலைக்காயத்தில் 36.0 முதல் 37.5 டிகிரி வரை. இதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பக்கவாதமும் மூளை ரத்தக்கசிவும் வந்த 670-க்கும் மேற்பட்டவர்களிடம், காய்ச்சல் வராமலே குளிர்விக்கும் கருவியால் தடுத்துப் பார்த்த ஆய்வும் அதே 2024-இல்தான் வெளியானது. காய்ச்சலின் மொத்தச் சுமை பாதியாகக் குறைந்தது. மூன்று மாதம் கழித்து நோயாளிகளின் நிலையில் வேறுபாடு இல்லை. காய்ச்சல் கண்டவர்கள் மோசமாகத் தேறுகிறார்கள் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. காய்ச்சலைத் தடுத்தால் நன்றாகத் தேறுவார்கள் என்பது இன்னும் உறுதியாகவில்லை. காய்ச்சலில் ஒரு பகுதி, காயம் எவ்வளவு பெரியது என்பதன் அறிகுறி மட்டுமாகவும் இருக்கலாம்.

அப்படியானால் விட்டுவிடலாமா? மண்டை அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியின் கட்டிலருகே நின்று அப்படிச் சொல்ல எனக்குத் துணிவில்லை. மேலே பார்த்த கழித்தல் கணக்கு அங்கே கண்ணெதிரே ஓடுகிறது. அழுத்தம் சீராக, நினைவு தெளிந்துகொண்டு வருபவருக்கு 37.9 இருந்தால் கருவியை மாட்டித்தான் ஆக வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வு பெரிய கருவி எதையும் பயன்படுத்தவில்லை. காய்ச்சல், ரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் குறித்த நேரத்தில் பார்த்து, 37.5-ஐத் தொட்டால் பாராசிட்டமால் என்று செவிலியர்களே நெறிமுறைப்படி நடந்தார்கள். மூன்று மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து வாழ்பவர்களும் சேர்ந்து, வழக்கமான கவனிப்புப் பிரிவுகளில் 58 சதவீதம், இந்த நெறிமுறை இருந்த பிரிவுகளில் 42 சதவீதம். மூன்று கவனிப்புகளும் சேர்ந்து வந்ததால் காய்ச்சலின் பங்கை மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தத் துறையில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் எண்கள் இவை.

குளிர்விக்கத் தொடங்கினால் அடுத்த எதிரி நடுக்கம். இலக்கு 39-இல் இருக்கும் உடலை 37-க்கு இழுத்தால் உடல் அதைக் குளிராகவே எடுத்துக்கொள்ளும். நடுங்கும் தசைகள் ஆக்சிஜன் செலவை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏற்றிவிடும். எந்த மூளையைக் காப்பாற்றக் குளிர்வித்தோமோ அதன் ஆக்சிஜனே குறையும். நடுக்கம் முதலில் கண்ணுக்குத் தெரியாது. கழுத்திலும் நெஞ்சிலும் உள்ளங்கையை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரியும், ஈ.சி.ஜி. கோட்டில் புல் முளைத்தாற்போலச் சிறு பிசிறுகள் தெரியும். பார்க்க வரும் குடும்பத்தார் ஒன்றைக் கண்டு குழம்புவார்கள்: உடம்பெல்லாம் குளிர்ந்த பட்டைகள், கைகளிலும் பாதங்களிலும் மட்டும் சூடான போர்வை. தோலில், குறிப்பாகக் கை, கால், முகத்தில் குளிர் உணரும் நரம்புகள் அதிகம். அவற்றை வெதுவெதுப்பாக வைத்து ஹைப்போதலாமஸை ஏமாற்றும் தந்திரம் அது. அதற்கும் அடங்காவிட்டால் மெக்னீசியம், டெக்ஸ்மெடிடோமிடின், ஃபென்டானில், ப்ரோபஃபால் என்று படிப்படியாக ஏறுவார்கள். தசைகளை முடக்கும் மருந்து கடைசிப் படி. அதற்குள் மயக்கம் ஆழமாகி, நோயாளி கண் திறக்கிறாரா, கையைப் பற்றுகிறாரா என்று பார்க்கும் வழியும் அடைபட்டுவிடும்.

இன்னொரு விலையும் உண்டு, அது பலர் கண்ணில் படுவதில்லை. தானாக இயங்கும் குளிர்விப்புக் கருவி நோயாளியின் வெப்பத்தை 37.0-இல் பிடித்து வைத்துவிடும். அட்டவணையில் நேர்கோடு. புதிதாகத் தொற்று ஏற்பட்டாலும் அந்தக் கோடு அசையாது. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருப்பவருக்கும் இதே கதை. வெளியே சுற்றிவரும் ரத்தம் வழியில் ஆறிவிடும். அப்போது பார்க்க வேண்டிய எண் கருவியின் முகப்பில், ஓரமாக இருக்கிறது: பட்டைகளுக்குள் ஓடும் நீரின் வெப்பம். நேற்று மாலை அதே 37.0-ஐக் காக்க 28 டிகிரி நீர் போதுமாக இருந்தது. இன்று அதிகாலை கருவி 9 டிகிரி நீரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 19 டிகிரிதான் காய்ச்சல். ரத்தக் கல்ச்சர், எக்ஸ்ரே, வடிகுழாய் நீர் என்று தேடல் இப்போதே தொடங்க வேண்டும். நீரின் வெப்பத்தை யாரும் எழுதி வைக்காத அட்டவணையில், அந்த நோயாளிக்கு அன்று காய்ச்சலே இல்லை.